ஃபார்மேட் அடிப்பதற்கு முன்

சித்தூரில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர், அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்வார். "அண்ணா, ஃபார்மேட் அடிச்சுக் குடுங்க. சாயந்திரம் வேணும்." தெலுங்கில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் இதுதான். காட்பாடிக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் இரண்டு மொழியும் ஒரே பேச்சில் வந்துபோகும். "ஃபார்மேட்" மட்டும் எந்த மொழிக்காரருக்கும் விளக்காமலே புரியும்.

இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் தொழில்காரர்களாகிய நாங்கள்தான். பழுது எங்கே என்று தேட அரை நாள் ஆகலாம், தேடியதற்குக் காசு கேட்டால், "சும்மா பார்த்ததுக்கா?" என்பார்கள். ஃபார்மேட்டுக்கு நிலையான கூலி உண்டு. இரண்டு மணி நேரத்தில் புது டெஸ்க்டாப் வந்து நிற்கும், வாடிக்கையாளர் முகத்தில் திருப்தி தெரியும். ஆபரேட்டிங் சிஸ்டம் ஏன் விழுந்தது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்கான பதில் அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் அழித்திருப்போம்.

அழிப்பதற்கு முன் படி என்பதை எனக்குப் புரியவைத்தது 2003 ஆகஸ்ட். திருப்பதியில் இன்டர்நெட் சென்டர்கள் நிறைந்திருந்த காலம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ரிசல்ட் பார்க்கவும், வெளியூர் பக்தர்கள் மெயில் பார்க்கவும் வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் சென்டருக்குச் சென்டர் ஒரே புகார். விண்டோஸ் எக்ஸ்பி நன்றாகத் திறக்கும். இன்டர்நெட் இணைத்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டி எழும்பும். ரிமோட் ப்ரொசீஜர் கால் சேவை நின்றுவிட்டது, 60 வினாடியில் மெஷின் அணையும் என்று எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கும். விண்டோஸ் சிடி மோசம் என்றார் ஒருவர், கரண்ட் மோசம் என்றார் இன்னொருவர். எல்லாரும் ஃபார்மேட் அடித்தார்கள். புதிதாக எக்ஸ்பி போட்டு, டயல்-அப்பை இணைத்தால், மறுபடி அதே 60 வினாடி.

அது பிளாஸ்டர் என்ற புழு. 2003 ஆகஸ்ட் 11-ல் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியது. யாரும் எதையும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை, நெட்டில் இருந்தாலே போதும், தானாக நுழைந்துவிடும். அது நுழையும் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-லேயே வெளியிட்டிருந்தது. ஆனால் எங்கள் கையில் இருந்த சிடிக்கள் அதற்கு முந்தையவை. ஆகவே ஒவ்வொரு ஃபார்மேட்டும் அந்த ஓட்டையைப் புதிதாகத் திறந்து வைத்தது. வழி மிக எளிது. எண்ணிக்கை இறங்கும்போதே ரன் பெட்டியில் ஷட்டவுன் கட்டளையை "மைனஸ் ஏ" சேர்த்து அடித்தால் அணைவது நிற்கும். நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, எக்ஸ்பியில் அணைந்தே கிடந்த ஃபயர்வாலைத் தட்டிவிட்டு, திருத்தத்தைப் போட்டால் முடிந்தது. எக்ஸ்பியில் ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி வந்தது அடுத்த ஆண்டு, சர்வீஸ் பேக் 2-ல்தான். அந்தப் பெட்டியில் இருந்த இரண்டு வரியை நிதானமாகப் படித்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டம் விழுவது என்றால் என்ன என்பதைச் சித்தூர்க்காரர்களுக்கு விளக்க எனக்கு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை போதும். மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை தோத்தாபுரி லாரி லாரியாக வரும். கூழாக்கி, அசெப்டிக் பையில் அடைத்து, 215 கிலோ டிரம்மில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். லைனில் கெட்டது கலந்தது தெரிந்தால் சூப்பர்வைசர் மொத்த லைனையும் நிறுத்துவார். ஒரு மணி நேரம் போனால் போகட்டும், கெட்ட கூழ் டிரம்முக்குள் போய் சீல் ஆகக் கூடாது. விண்டோஸின் நீலத்திரையும் அப்படி வேண்டுமென்றே நிறுத்துவதுதான். கெர்னல் என்கிற உள்மையத்தில் ஒரு கணக்கு தப்பிவிட்டது, இனி எதை நம்பி டிஸ்க்கில் எழுதுவது என்று தெரியாத நிலை. தொடர்ந்து ஓடினால் உங்கள் டேலி கணக்கின்மேல் குப்பையை எழுதக்கூடும். அதனால் கை தூக்கிவிடுகிறது.

கை தூக்குவதற்கு முன் ஒரு வேலை செய்கிறது. அந்தக் கணத்தில் மெமரியில் இருந்ததைப் பேஜ் ஃபைலில் கொட்டிவைக்கும். அடுத்த முறை திறக்கும்போது அதை எடுத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் தேதி போட்டு வைத்துவிடும். என்ன கோளாறு, எந்த ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். சி டிரைவ் நிரம்பிக் கிடந்தாலோ, வேகம் கூடும் என்று யாராவது பேஜ் ஃபைலை எடுத்துவிட்டிருந்தாலோ இந்தப் பதிவு விழாது. "கிளீன்" செய்கிறேன் என்று ஓடும் இலவச சாஃப்ட்வேர்கள் முதலில் துடைப்பதும் இதைத்தான். எக்ஸ்பி காலத்திலிருந்து நீலத்திரை வந்த வேகத்தில் மெஷின் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதனால்தான் பலர் "நீலம்" என்று சொல்லாமல், "தானா ஆஃப் ஆகி ஆன் ஆவுது" என்கிறார்கள். அந்தத் தானியங்கி ரீஸ்டார்ட்டை நிறுத்தி வைப்பதுதான் என் முதல் வேலை. அப்போதுதான் திரை நிற்கும், படிக்கலாம்.

அடுத்து வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி. நீலமாகி நின்றதா, பட்டென்று கரண்ட் போனதுபோல் அணைந்ததா, படம் அப்படியே உறைந்து மவுஸ் நகராமல் போனதா? மூன்றையும் அவர் "ஹேங்" என்ற ஒரே சொல்லில் சொல்லியிருப்பார். மூன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் ஒரு லாட்ஜ். வரவேற்பு மேசையில் உள்ள கம்ப்யூட்டர் இரவு பகல் ஓடும். விடியற்காலையில் விழுகிறது, ரூம் பில் பாதியில் போகிறது என்று கூப்பிட்டார்கள். ஏற்கெனவே வேறொருவர் ஃபார்மேட் அடித்துவிட்டுப் போயிருந்தார். நல்லவேளை, அதற்குப் பிறகும் விழுந்திருந்தது. புதிய பதிவுகள் இருந்தன. ஈவன்ட் வியூவரைத் திறந்தால், கெர்னல் பவர் 41 என்ற பதிவு வரிசையாக நின்றது. "ஒழுங்காக அணைக்காமல் மறுபடி திறந்திருக்கிறேன்" என்று விண்டோஸ் எழுதும் குறிப்பு அது. அதற்குள் போனால் பக்செக் கோடு என்ற இடத்தில் வெறும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கு எழுத நேரமே கிடைக்கவில்லை. அநேகமாக மின்சாரம் போயிருக்கிறது, இல்லாவிட்டால் மெஷின் அடியோடு உறைந்திருக்கிறது. நேரத்தைப் பார்த்தேன். எல்லாம் நாலரை மணியை ஒட்டியே.

"நாலரைக்கு இங்க என்ன நடக்கும்?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"தரிசனத்துக்குப் போறவங்க குளிப்பாங்க சார். போர் மோட்டார் போடுவோம். கீசர் எல்லாம் ஆன்ல இருக்கும்."

மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் அமுங்குகிறது. யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரி செத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. விளக்கு எரிவதால் யுபிஎஸ் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரியை மாற்றி, கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுத்ததும் சரியாகிவிட்டது. விண்டோஸ்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீலத்திரையே வந்தது என்றால் அதில் உள்ள ஸ்டாப் கோடு கிடைக்கிறது. எல்லாக் கோடையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், எந்த ஊருக்குப் போகும் பஸ் என்று தெரிந்தால் போதும். 124 என்றால் ஹார்டுவேரே புகார் கொடுத்திருக்கிறது. 1ஏ என்றால் மெமரிக் கணக்கில் கலவரம். டி1 வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் தொடக் கூடாத இடத்தைத் தொடக் கூடாத நேரத்தில் தொட்டிருக்கிறது. 7பி வந்தால், விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையே விண்டோஸால் அணுக முடியவில்லை.

இந்த 7பி சித்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வந்தது. பண்டிகை விடுமுறைக்கு மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து போட்டால் நீலம். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் 20-ம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது; டேலி டேட்டா முழுக்க அந்த டிஸ்க்கில். டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி, அவர் கண் கலங்கி நின்றார். நான் நீலத்துக்கு முன்னால் என்ன வந்தது என்று கேட்டேன். "கறுப்புல ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, எஃப்1 அடிக்கச் சொல்லுச்சு, அடிச்சேன்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி பல வருடம் பின்னால் கிடந்தது. மதர்போர்டில் காசு அளவு ஒரு லித்தியம் செல் இருக்கும், அது தீர்ந்துவிட்டது. சுவிட்ச் போட்டே கிடந்தவரை அது தீர்ந்தது தெரியவில்லை. மெயின் அணைந்ததும் பயாஸ் தன் அமைப்பையெல்லாம் மறந்து, டிஸ்க்கோடு பேசும் முறையை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாற்றிக்கொண்டது. விண்டோஸ் பழைய முறையில் தேடியது, டிஸ்க் புதிய முறையில் நின்றது. அமைப்பைத் திருப்பி, செல் ஒன்றை மாற்றியதும் டேலி திறந்தது. அங்கே ஃபார்மேட் அடித்திருந்தால் விண்டோஸ் சமர்த்தாக ஏறியிருக்கும், பழுது சரியானதாகவே எல்லாரும் நம்பியிருப்பார்கள். கணக்கு மட்டும் போயிருக்கும்.

டிரைவர் கதை தனி. 1998 ஏப்ரல் 20, சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டினார் அவருடைய உதவியாளர். செருகிய உடனே நீலத்திரை. கூட்டம் சிரித்தது. அது வேடிக்கையான விபத்து என்றாலும், விழும் இடம் எது என்பதைச் சரியாகக் காட்டியது. பிரவுசரோ வேர்டோ தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் தவறு செய்தால் மொத்த மெஷினும் நிற்கும். அந்த டிரைவரை எழுதுவது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அல்ல, பிரின்டரோ கேமராவோ விற்கும் கம்பெனி. விண்டோஸ் விழுந்த அறிக்கைகளைத் திரட்டி மைக்ரோசாஃப்ட் ஆராய்ந்தபோது, சுமார் 70 சதவீதத்துக்கு வெளியார் டிரைவர்களே காரணம் என்று தெரிந்தது.

மாம்பழ சீசனில் ஒரு எடைமேடை. லாரியும் டிராக்டரும் ரோடு வரை நிற்கின்றன, பழம் வெயிலில் வதங்குகிறது, எடை போடும் கம்ப்யூட்டர் நீலமாகிறது. எங்கள் ஊரில் அந்தச் சமயத்தில் நின்ற கம்ப்யூட்டருக்கு விவசாயிகள் தரும் மரியாதையை இங்கே எழுத முடியாது. பழைய மெஷினில் எடைக்கருவியின் வயரைச் செருக சீரியல் போர்ட் இருந்தது. புதிய மெஷினில் அது இல்லாததால் யுஎஸ்பி மாற்றி வயர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார்கள். மினிடம்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் டி1, ஒவ்வொரு முறையும் அதே மாற்றி வயரின் டிரைவர். வயர் லேசாக ஆடி இணைப்பு விட்டு ஒட்டும்போது, இல்லாத கருவியை இருப்பதாக நினைத்து அந்த டிரைவர் கை நீட்டியிருக்கிறது. இந்த வகை வயர்களில் போலிச் சிப் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அசல் சிப்பின் புதிய டிரைவர் போலியைக் கண்டால் வேலை செய்யவே மறுக்கும், அதனால் எங்கிருந்தோ ஒரு பழைய டிரைவரைத் தேடிப் போட்டு ஓட்டுவார்கள்.

மதர்போர்டைத் திறந்து பார்த்தால், சீரியல் போர்ட்டுக்கான ஊசிகள் உள்ளே சும்மா இருந்தன. பின்பக்கம் துளை இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு பிராக்கெட் வயர் வரவழைத்து மாட்டியதும் சீசன் முடியும்வரை அந்த மெஷின் விழவில்லை.

அந்த எடைமேடையில் கோடும் ஃபைலும் மாறாமல் வந்ததால் டிரைவர் சிக்கியது. இன்று 1ஏ, நாளை 50, மறுநாள் வேறொன்று என்று கோடு தாவிக்கொண்டே இருந்தால் நான் சாஃப்ட்வேரை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன். அது மெமரியாக இருக்கும், இல்லாவிட்டால் மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். ரேமைக் கழற்றி அதன் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது இந்தியாவின் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த வைத்தியம். முனையில் படியும் அழுக்குப் படலம் போவதால் பல மெஷின்கள் பிழைக்கின்றன. ஆனால் தேய்த்ததும் ஓடியது என்று ஒப்படைத்துவிடக் கூடாது. மெம்டெஸ்ட் போட்டு இரவு முழுக்க விட வேண்டும். கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட மெமரிக் குச்சிகளில் பிழை தென்பட்டிருந்தது. சர்வர் மெமரி தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். நம் வீட்டு மெஷினில் அந்த வசதி பொதுவாக இல்லை. பிழை போய் நீலத்தில் முடியும், அல்லது சத்தமில்லாமல் ஒரு ஃபைலைக் கெடுக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் உபுண்டு பென்டிரைவைச் செருகி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸில் சில மணி நேரம் ஓட்டிப் பார்ப்பேன். அதிலும் விழுந்தால் விண்டோஸை விடுவித்துவிடலாம். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திருப்பதியிலிருந்து வந்த மெஷின்களில் இந்தச் சோதனை ரொம்ப உதவியது. காயவைத்துப் போட்டதும் நன்றாகத்தான் ஓடின. சில மாதம் கழித்து, சேறு பட்ட ஸ்லாட்டுகளில் பச்சை ஏறி, ஆளுக்கொரு கோடு காட்டின.

டிஸ்க் சந்தேகத்தில் மட்டும் வரிசை மாறும். பலர் உடனே செக்டிஸ்க் ஓட்டுவார்கள். சாகும் டிஸ்க்கில் அது கடைசி உயிரையும் உறிஞ்சிவிடும். முதலில் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்து, படிக்க முடியாத செக்டர்கள் ஏறியிருந்தால் வேறெதுவும் செய்யாமல் டேட்டாவை நகலெடுக்க வேண்டும். வைத்தியமெல்லாம் நகலுக்குப் பிறகு.

இதெல்லாம் சின்ன ஊர்ச் சின்னக் கடை விவகாரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை பதில் சொன்னது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு அப்டேட் போனது. 10.57-க்குத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்திருந்தன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். காரணம், கெர்னலுக்குள் ஓடும் அந்த சாஃப்ட்வேருக்கு 20 தகவல் வந்திருக்க, அது 21-வதைத் தேடிப் போய் இல்லாத மெமரியைப் படித்தது. கோடு நம் பழைய 50-தான்.

எங்கள் பஜாரில் அன்று ஒரு மெஷினும் விழவில்லை. அந்த விலையுயர்ந்த சாஃப்ட்வேரை இங்கே யாரும் வாங்குவதில்லை. ஆனால் அந்தப் பெரிய நிறுவனங்கள் மீண்ட வழியைப் பாருங்கள். சேஃப் மோடில் திறந்து, டிரைவர் ஃபோல்டருக்குள் போய், 291 எண்ணுள்ள ஃபைலை அழித்து, மறுபடி திறக்க வேண்டும். அதையும் பெரும்பாலும் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து செய்ய வேண்டும். யாரும் ஃபார்மேட் அடிக்கச் சொல்லவில்லை. பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தவர்கள் ரெக்கவரி கீ கிடைக்காமல்தான் அதிகம் திண்டாடினார்கள். இப்போது வரும் லேப்டாப்களில் பலவற்றில் அந்தப் பூட்டு தானாகவே விழுந்திருக்கிறது. உங்கள் கீ எந்த அக்கவுண்டில் இருக்கிறது என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஃபார்மேட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் உள்ளே வேர்விட்ட மெஷின், பல பேர் கைபட்டு சிஸ்டம் ஃபைல்கள் சிதைந்த மெஷின், வேறு ஆளுக்கு விற்கப்போகும் மெஷின், இவற்றுக்கு அதுதான் சரி. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து புதிதாக ஓஎஸ் போட வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். விண்டோஸ் 11-ல் நீலத்திரை கறுப்பாகிவிட்டது, சோக முகமும் போய்விட்டது. எங்களுக்கு லாபம் என்னவென்றால், ஸ்டாப் கோடும், தெரிந்தால் பழுதான டிரைவரின் பெயரும் அதில் பளிச்சென்று தெரிகின்றன. செல்போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், மெஷின் கடைக்கு வருமுன்பே நான் பாதி வேலையை முடித்திருப்பேன்.

இப்போது கடையில் "பார்க்கும் கூலி" என்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன். பழுதைக் கண்டுபிடித்தால் அந்தக் கூலி, சரிசெய்தால் அதற்கு வேறு. முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு, எதிர்க்கடைக்குப் போனவர்களும் உண்டு. புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு ஃபார்மேட் கற்றுத்தருவதற்கு முன் ஒரு நோட்டைக் கொடுக்கிறேன். ஒவ்வொரு மெஷினுக்கும் அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன கோடு, எந்த நேரம், கடைசியாக என்ன மாற்றினார்கள். மூன்றாவதுக்கு எல்லாரும் முதலில் "ஒண்ணுமே மாத்தல சார்" என்பார்கள். "புது பிரின்டர், புது வயர், புது இன்வெர்ட்டர், பக்கத்துல வெல்டிங் கடை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வரும்.

அந்த நோட்டைச் சில வருடம் சேர்த்துப் புரட்டியபோது, தனித்தனியாக வந்தபோது தெரியாத ஒன்று தெரிந்தது. கோடையில் கோடில்லாமல் அணையும் மெஷின்கள் திரும்பத் திரும்பச் சில தெருக்களிலிருந்தே வந்திருந்தன; வோல்டேஜ் அமுங்கும் அதே லைன், எர்த் சரியில்லாத அதே பழைய கட்டடங்கள். இப்போது ஏப்ரல் பிறக்கும்போதே அந்தத் தெருக்காரர்களுக்குப் போன் செய்து, யுபிஎஸ் பேட்டரியைச் சோதித்து, எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறேன். மே மாதத்தில் அங்கிருந்து வரும் ஃபார்மேட் வேலை குறைந்துவிட்டது. அதே தெருக்களில் வருடாந்திரப் பராமரிப்புக்குக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.